தின் பாடி நைலான் கிட்டார் வாங்கலாமா? அட்வான்ஸ் கொடுத்த பிறகு வந்த யோசனைகள்

குடியாத்தத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார்: "அண்ணா, நைலான் தந்தி போட்ட எலக்ட்ரிக் கிட்டார் ஒல்லியா வருதே, அத எடுக்கலாம்னு இருக்கேன். இன்னா சொல்றீங்க?" இந்த வருஷம் இதைக் கேட்கிற நான்காவது ஆள் அவர். என்னைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. போன சித்திரையில் சென்னை போய் அப்படி ஒன்றுக்கு 2,000 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, காட்பாடி வண்டியில் அரக்கோணம் தாண்டுவதற்குள் மனசு மாறியவன் நான். அந்த விஷயம் வேலூரில் கிட்டார் வைத்திருக்கிற பாதிப் பேருக்குத் தெரியும், தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே இது "வாங்காதே" என்கிற கட்டுரை கிடையாது. யார் வாங்கலாம், யாருக்கு அந்தப் பணம் வேறு இடத்தில் போகணும் என்பதுதான். முதலில் எதை வைத்து எடை போடுவது என்று பார்த்துவிடலாம்.

## எதை வைத்து எடை போடுவது

கிட்டாரை எங்கே அதிக நேரம் வாசிக்கிறீர்கள்? இதுதான் முதல் கேள்வி, விலையெல்லாம் அப்புறம். நமக்கு ஞாபகத்தில் நிற்பது மேடைதான், ஆனால் கையில் கிட்டார் இருக்கிற நேரம் பெரும்பாலும் வீட்டில்தான் கழிகிறது. நான் ஒரு மாசம் தினசரி காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கத்தில் எழுதிவைத்தேன். வீட்டில் 27 மணி நேரம். சர்ச்சில் பயிற்சியும் ஞாயிறு ஆராதனையும் சேர்த்து 8. ரிசப்ஷன் கச்சேரி இரண்டு, மொத்தம் 4 மணி நேரம், அதிலும் பாதி மைக்செட்காரர் ஒயர் தேடிக்கொண்டிருந்த நேரம்.

இரண்டாவது, பக்கத்தில் யார் வாசிக்கிறார்கள். தனியாகவா, கீபோர்டோடா, பேஸும் டிரம்ஸும் இருக்கிற குழுவிலா. மூன்றாவது உங்கள் கை: ஸ்டீல் தந்தி கிட்டாரில் பழகிய கையா, கிளாசிக்கல் (நைலான் தந்தி போட்ட சாதா கிட்டார்) அகலக் கழுத்தில் பழகிய கையா. நான்காவது, கடைக்காரர் சொல்லும் விலையோடு பின்னாலேயே வருகிற செலவு. ஐந்தாவது நம்மூர் வெயில். இதை எந்த விற்பனையாளரும் சொல்லமாட்டார், அவர் கடையில் ஏசி ஓடுகிறது.

## கடையில் கேட்பதும் வீட்டில் கேட்பதும்

கடையில் அந்தப் பையன் கிட்டாரை ஆம்ப்பில் சொருகி, ரிவர்ப் (எதிரொலி) குமிழைப் பாதிக்கு மேல் திருகிக் கொடுத்தார். நான்கு நோட்டு வாசித்தேன், கல் மண்டபத்தில் வாசித்த மாதிரி இருந்தது, அந்த நான்கு நோட்டில்தான் 2,000 ரூபாய் போனது. கிளம்பும்போது ஏதோ தோன்றி ஒயரைப் பிடுங்கிவிட்டு மறுபடி வாசித்துப் பார்த்தேன். அட்டைப்பெட்டியில் விரலால் தட்டுகிற மாதிரி. கட்டை விரலில் அடித்த கீழ்த்தந்தி வந்ததா என்றே சந்தேகம். அங்கே ஏசி சத்தம் ஒன்றுதான். நான் இருப்பது சத்துவாச்சாரியில் மாடி போர்ஷன், மே மாசம் ஃபேனை 5-ல் வைக்காமல் அங்கே உட்காரவே முடியாது. ஃபேன் 5-ல் இருந்தால் இந்தக் கிட்டார் கேட்காது.

தண்ணியில்லா ஆறு, மரமில்லா மலை, சாமியில்லா கோயில் என்று நம்மூரைக் கிண்டல் செய்வார்களே (ஜலகண்டேஸ்வரர் 1981-லேயே கோட்டைக்குத் திரும்ப வந்துவிட்டார், அந்த ஒன்றை இனி விட்டுவிடலாம்), காலியான அந்த இடத்துக்குச் சத்தமில்லா கிட்டார் சரியாக இருக்கும்.

எந்தக் கடைக்குப் போனாலும் முதல் பத்து நிமிஷம் ஒயர் இல்லாமல் வாசியுங்கள். ஆம்ப்பில் கேட்டால் பாதி ஆம்ப்பைத்தான் கேட்கிறீர்கள்.

## தின் பாடி எலக்ட்ரிக் நைலான்

ஒரே பெயரில் இரண்டு வேறு சாமான் விற்கிறார்கள், அதுதான் முதல் குழப்பம். ஒன்று, யமஹா என்டிஎக்ஸ் மாதிரி: சவுண்ட் ஹோல் உண்டு, உள்ளே காலி, ஆழம் 8 முதல் 9 செ.மீ. சாதா கிளாசிக்கலோடு பார்த்தால் ஒரு விரற்கடைதான் மெலிவு. இன்னொன்று கனடாவின் கோடின் மல்டியாக் மாதிரி: மரக்கட்டையைக் குடைந்து மேலே பலகை ஒட்டியது, சவுண்ட் ஹோல் கிடையாது, ஆழம் ஏறக்குறைய எலக்ட்ரிக் கிட்டார் பக்கம். முதல் வகையை ஒயர் இல்லாமல் படுக்கையறையில் சமாளிக்கலாம், இரண்டாவதை முடியாது. குடியாத்தம் தம்பி இரண்டையும் ஒன்றாக நினைத்து விலையை ஒப்பிட்டுக்கொண்டிருந்தார்.

ஏன் மெலிதாகச் செய்கிறார்கள்? உடம்புக்குள் இருக்கிற காற்று குறைந்தால் அது அதிர்கிற சுருதி மேலே போகும், பேஸ் குறையும். வீட்டில் அது குறை. மேடையில் அதுவே சௌகரியம், ஏனென்றால் கீழ்ச்சத்தத்தைப் பேஸ் கிட்டார்காரர் பார்த்துக்கொள்கிறார், உங்கள் கிட்டார் அவரோடு முட்டாது, ஸ்பீக்கர் சத்தம் திரும்ப வந்து வயிற்றுக்குள் புகுந்து ஊளையிடுவதும் குறையும். இந்த ஊளைக்குப் பயந்துதான் கிப்சன் கம்பெனி 1982-லேயே அமெரிக்க கிட்டார் கலைஞர் செட் அட்கின்ஸ் பெயரில், கிட்டத்தட்ட முழுக் கட்டையாகவே, ஒரு நைலான் கிட்டார் விட்டது.

கழுத்து இன்னொரு வித்தியாசம். என்டிஎக்ஸ்1-ல் நட் (கழுத்தின் நுனியில் தந்திகள் பதிகிற பட்டை) அகலம் 48 மி.மீ., விரல் வைக்கிற ஃபிங்கர்போர்டில் லேசான வளைவு, உடம்போடு சேருவது 14-வது ஃபிரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த கம்பி). ஸ்டீலிலிருந்து வருகிறவருக்கு ஒரு வாரத்தில் பழகிவிடும், மேல் ஃபிரெட்டுக்கும் சுலபமாகப் போகலாம். 52 மி.மீ. தட்டைக் கழுத்தில் பழகிய எனக்கு வலது கை விரல்கள் ஒன்றையொன்று இடித்தன. பெல்ட் மாட்டக் குமிழ் வைத்தே வருகிறது என்பதையும் சொல்லணும். நின்றுகொண்டு வாசிக்கிற பாடகர் குழுக்காரர்களுக்கு அது ஒன்றே போதுமான காரணம்.

சரி, பின்னாலேயே வருகிற செலவு. நைலானில் இரும்பு இல்லை, அதனால் தந்தி அதிர்வை ஆம்ப்புக்கு அனுப்புகிற எலக்ட்ரிக் கிட்டாரின் காந்தப் பிக்கப் இதற்கு வேலைக்காகாது. சாடிலுக்கு (உடம்புப் பக்கம் தந்திகள் ஏறி நிற்கிற பட்டை) அடியில் பீசோ என்கிற, அழுத்தத்தை மின்சாரமாக்கும் பட்டையை வைத்துப் பிடிக்கிறார்கள். பீசோவின் சின்னச் சத்தத்தைத் தூக்கிவிட ப்ரீஆம்ப், ப்ரீஆம்ப்புக்குப் பேட்டரி. நிறைய மாடல்களில் ஜாக் சொருகியிருக்கிற வரை பேட்டரி கரைந்துகொண்டே இருக்கும், வாசிக்கிறீர்களா இல்லையா என்பது அதற்குத் தெரியாது. ஒரு ரிசப்ஷனில் சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் நண்பரின் கிட்டார் ஊமையாகி, அன்று கீபோர்டுதான் காப்பாற்றியது. அப்புறம் ஆம்ப். எலக்ட்ரிக் கிட்டார் ஆம்ப்பில் போட்டால் நைலான் சேறு மாதிரி வரும், அகூஸ்டிக் ஆம்ப்தான் வேண்டும், இல்லை நேராக மிக்சர். வீட்டிலும் ஆம்ப், சர்ச்சிலும் மிக்சர், மாசாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணிக்குப் போகிற கரண்ட் சாயங்காலம் வருகிற அன்று இரண்டும் இல்லை.

கேப்போவும் (சுருதி ஏற்றக் கழுத்தில் மாட்டுகிற கவ்வி) செலவுதான். ஸ்டீல் கிட்டார் கேப்போவின் வளைவும் அகலமும் இதற்குப் பொருந்தாது, கிளாசிக்கலின் தட்டைக் கேப்போ போட்டால் வளைவுக் கழுத்தில் ஏதாவது ஒரு தந்தி சரியாக அழுந்தாமல் டிர்ர்ர் என்று அடிக்கும்.

இது யாருக்கு: மாசம் மூன்று நான்கு மேடைக்கு மேல் போகிறவர், சத்தமான குழுவில் இருப்பவர், நின்று வாசிப்பவர், ஏற்கெனவே வீட்டுக்கு வேறு கிட்டார் வைத்திருப்பவர். கடைசியில் சொன்னதை இன்னொரு முறை படியுங்கள்.

## சாதா கிளாசிக்கல், பிக்கப் பொருத்தி

நான் கடைசியில் இந்தப் பக்கம்தான் வந்தேன், அதனால் கொஞ்சம் சாய்வாகப் பேசினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

யமஹா சி40 நம்மூரில் கிட்டார் கற்கிற பாதி வீட்டில் இருக்கும். 650 மி.மீ. ஸ்கேல் (தந்தி அதிர்கிற நீளம்), 52 மி.மீ. நட், 12-வது ஃபிரெட்டில் உடம்பு தொடங்கிவிடும். மேல்பலகை ஒட்டுப்பலகைதான், பெரிய நாதம் எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் அந்த ஒட்டுப்பலகைதான் வேலூர் வெயிலை முறைத்துப் பார்க்கிறது. என்டிஎக்ஸ்1-ன் மேல்பலகை ஒட்டில்லாத முழு ஸ்ப்ரூஸ் மரம், சத்தத்துக்கு நல்லது, வறட்சிக்குப் பயந்தது. கிட்டாருக்குப் பொதுவாக 45 முதல் 55 சதவீதம் ஈரப்பதம் என்பார்கள். நம்மூர் ஏப்ரல் மே மத்தியானத்தில் அது எங்கே கிடைக்கும்? பலகை காய்ந்து உள்வாங்கும், ஃபிரெட்டின் ஓரம் கையைக் கீறும், மோசமானால் வெடிப்பே விடும். ஓட்டை போட்ட சோப்பு டப்பாவில் பிழிந்த ஸ்பான்ஜ் வைத்துப் பெட்டிக்குள் போட்டு மூடுங்கள், காசு கொடுத்து வாங்குகிற சாதனம் செய்வதும் அதே வேலைதான்.

பிக்கப் வைக்க மூன்று வழி. பலகையில் ஒட்டுகிற வில்லை மலிவு, எடுத்துவிடலாம், கிட்டாருக்குச் சேதமில்லை. ஆனால் சட்டைப் பொத்தான் உரசினால்கூட மிக்சரில் கேட்கும். இரண்டாவது, நல்ல மைக்கை முன்னால் வைப்பது. சத்தம் உண்மையாக வரும், சர்ச்சில் தனி வாசிப்புக்கு இதை மிஞ்ச ஒன்றும் இல்லை, பக்கத்தில் டிரம்ஸ் வந்தால் டிரம்ஸைத்தான் வாங்கும். மூன்றாவது, சாடிலுக்கு அடியில் நிரந்தரமாகப் பீசோ. பிரிட்ஜில் (சாடிலைத் தாங்குகிற மரத்துண்டு) ஒயர் இறங்கத் துளை, வால்பக்கம் ஜாக்குக்கு ஒரு துளை, கை தெரிந்தவர் செய்யணும். எனக்கு முதலில் செய்தவர் சாடிலின் அடியைச் சமமாகத் தேய்க்காமல் விட்டார், மூன்றாவது தந்தி மட்டும் பக்கத்து வீட்டிலிருந்து வருகிற மாதிரி கேட்டது. மறுபடி சென்னைக்குத் தூக்கிக்கொண்டு போய்ச் சரிசெய்ததில் ஒரு நாள் லீவும் ரயில் செலவும். ப்ரீஆம்ப் இல்லாமல் வெறும் பீசோவை நேராக மிக்சர் லைனில் சொருகினால் கீழ்ச்சத்தம் செத்துப்போகும், நடுவில் டிஐ பாக்ஸ் (கிட்டார் சிக்னலை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றுகிற சின்னப் பெட்டி) வேண்டும், அதிலும் உள்வாங்கும் இம்பீடன்ஸ் (சிக்னலுக்குக் காட்டுகிற தடை) ஒரு மெகாஓமாவது இருக்கணும்.

இதன் பெரிய குறை ஊளை. ஆற்காட்டில் ஒரு மண்டபம், ஒட்டு வில்லை போட்ட கிளாசிக்கல், பக்கத்திலேயே பேஸ் ஸ்பீக்கர். இரண்டாவது பாட்டில் ஐந்தாவது தந்தியைத் தொட்டதும் பூம்ம்ம் என்று ஆரம்பித்தது நிற்கவே இல்லை. அந்தத் தந்தி 110 ஹெர்ட்ஸ், கிட்டார் வயிற்றுக் காற்று அதிர்கிற இடமும் ஏறக்குறைய 100 பக்கம், இரண்டும் கைகோத்துக்கொண்டன. முன்வரிசையில் ஒரு பெரியவர் ஜாங்கிரியைத் தட்டில் வைத்துவிட்டு இரண்டு காதையும் பொத்தினார். தோளில் இருந்த துண்டைச் சுருட்டி சவுண்ட் ஹோலுக்குள் திணித்தேன், அடங்கியது. இப்போது ரப்பர் மூடி ஒன்று வைத்திருக்கிறேன். துண்டும் எடுத்துக்கொண்டுதான் போகிறேன்.

இது யாருக்கு: வீட்டு மணி நேரம் அதிகமாக இருப்பவர், கிளாசிக்கல் கிரேடு படிக்கிற பிள்ளைகள் (48 மி.மீ. கழுத்தில் பழக்காதீர்கள், பிறகு ஆசிரியர்தான் அவஸ்தைப்படுவார்), மெதுவான குழுவில் உட்கார்ந்து வாசிப்பவர், கையில் பத்துப் பதினைந்தாயிரம்தான் என்பவர்.

## சைலன்ட் கிட்டார்

யமஹா எஸ்எல்ஜி200என் மாதிரி, உடம்புக்குப் பதில் வெறும் சட்டம், ஹெட்போன் போட்டு வாசிப்பது. நட் 50 மி.மீ., 52 மி.மீ. அகலத்தில் எஸ்எல்ஜி200என்டபிள்யூ தனி. சட்டத்தின் ஒரு பக்கம் கழன்று வரும், பஸ்ஸில் கொண்டுபோகச் சௌகரியம். ஊளை பயமே இல்லை. இரவு ஷிப்ட் முடித்துவந்து விடியற்காலை வாசிக்கிற ஆஸ்பத்திரி ஊழியர்கள், கைக்குழந்தை இருக்கிற வீடு, சுவருக்குச் சுவர் ஒட்டிய லைன் வீடு, இவர்களுக்கெல்லாம் வரப்பிரசாதம். ஆனால் அம்மா வந்து "அந்தப் பாட்ட வாசிடா" என்றால் ஹெட்போனை அவர் காதில் மாட்டணும். மே மாசம் ஹெட்போனுக்குள் வியர்ப்பதும் சின்ன விஷயமில்லை. இருக்கிற ஒரே கிட்டாராக இதை வாங்காதீர்கள்.

## இருக்கிற ஸ்டீல் எலக்ட்ரோ அகூஸ்டிக்கே போதுமென்று விடுவது

பிக்கப்போடு வருகிற சாதா ஸ்டீல் தந்தி கிட்டாரைத்தான் சொல்கிறேன், கேட்கிறவர்களில் பாதிப் பேருக்கு இதுதான் பதில். கார்டு அடித்துப் பாட்டுக்குத் துணை போவதுதான் வேலையென்றால் ஸ்டீல் அதை நன்றாகவே செய்கிறது, தந்தி வேலூரிலேயே கிடைக்கும், விற்கப்போனால் சீக்கிரம் விலைபோகும். நைலான் எலக்ட்ரிக்கை இங்கே விற்கப் பாருங்கள், வாங்க வருகிறவர் முதலில் கேட்பது "இதுல ஸ்டீல் போடலாமா?"

போடக்கூடாது. நைலான் ஆறும் சேர்ந்து இழுப்பது சுமார் 40 கிலோ, ஸ்டீல் அதற்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு. பிரிட்ஜ் பெயர்ந்து வரும்.

கமகம் பிடிக்கிற ஆசையில் நைலானுக்கு வர நினைப்பவர்களும் யோசியுங்கள். நைலான் தந்தியைப் பக்கவாட்டில் எவ்வளவு இழுத்தாலும் சுருதி ஸ்டீல் அளவுக்கு ஏறாது, நாதமும் சீக்கிரம் அடங்கும்.

## ஒரே பார்வையில்

| | தின் பாடி நைலான் | கிளாசிக்கல் + பிக்கப் | சைலன்ட் | ஸ்டீல் |
|---|---|---|---|---|
| நட் அகலம் | பெரும்பாலும் 48 மி.மீ. பக்கம் | 52 | 50 அல்லது 52 | 43 பக்கம் |
| ஃபேன் ஓடும்போது, ஒயரில்லாமல் | கஷ்டம் | கேட்கும் | கிடையாது | நன்றாகக் கேட்கும் |
| சத்தமான மேடை | நல்லது | ஊளை | மிக நல்லது | சமாளிக்கலாம் |
| பின்னாலேயே வரும் செலவு | ஆம்ப், பேட்டரி, கேப்போ | பொருத்துக்கூலி, டிஐ பாக்ஸ் | ஹெட்போன், பேட்டரி, இன்னொரு கிட்டார் | தந்தி மட்டும் |
| நம்மூர் வெயில் | முழுப்பலகையானால் கவனம் | ஒட்டுப்பலகையானால் பயமில்லை | பெரிய கவலையில்லை | பலகையைப் பொறுத்து |

விலையை அட்டவணையில் போடவில்லை, மாசத்துக்கு ஒன்று சொல்கிறார்கள். நான் விசாரித்தபோது சி40 ஒன்றின் விலைபோல நான்கைந்து மடங்கு என்டிஎக்ஸ்1, சைலன்ட் அதற்கும் மேலே, கோடின் லட்சத்தைத் தாண்டியது.

## அப்படியானால் என் அட்வான்ஸ்

திரும்ப வரவில்லை. "பில்லுல எழுதியிருக்கு சார்" என்றார்கள், எழுதித்தான் இருந்தது, கண்ணாடி போட்டிருந்தால் தெரிந்திருக்கும். அந்த 2,000-க்குத் தந்தி செட்டும் ஒரு கேப்போவும் எடுத்துக்கொண்டு வந்தேன். மீதிப் பணத்தில் பழைய கிளாசிக்கலுக்குப் பீசோ, ஒரு டிஐ பாக்ஸ், ஒரு ஹார்ட் கேஸ். மேடைக்கு மட்டும் எப்போதாவது நண்பரின் தின் பாடியை இரவல் வாங்குகிறேன், புதுப் பேட்டரி போட்டுத் திருப்பிக் கொடுப்பது எங்களுக்குள் ஒப்பந்தம்.

குடியாத்தம் தம்பி கணக்கு எழுதிப் பார்த்தார், அவருடையது நேர்மாறாக வந்தது. வைகாசியில் மட்டும் 11 ரிசப்ஷன், வீட்டில் வாசிப்பதே இல்லை, வாசித்தாலும் ஆம்ப்போடுதான். கை ஸ்டீலில் பழகிய கை. அவரை யோசிக்காமல் வாங்கச் சொல்லிவிட்டேன், சவுண்ட் ஹோல் உள்ள வகையில், செகண்ட் ஹாண்டாகக் கிடைத்தால் இன்னும் நல்லது. செகண்ட் ஹாண்டில் மூன்று விஷயம் பார்க்கச் சொன்னேன்: ஆறு தந்தியையும் ஒரே அழுத்தத்தில் ஒவ்வொன்றாக மீட்டி ஆம்ப்பில் சத்தம் சமமாக வருகிறதா, பிரிட்ஜுக்குப் பின்னால் ஒரு தாள் நுழைகிற அளவு இடைவெளி இருக்கிறதா, பேட்டரிப் பெட்டிக்குள் பச்சை பூத்திருக்கிறதா.

எப்போது வாங்குவது என்று கேட்டார். ஆடியில் என்றேன். முகூர்த்தம் இல்லை, கச்சேரி இல்லை, வெயிலும் கொஞ்சம் இறங்கியிருக்கும், ரயிலில் கொண்டுவரும்போது பலகைக்கு நல்லது. புது நைலான் தந்தி நான்கைந்து நாள் இழுபட்டுக்கொண்டே இருக்கும், சுருதி நிற்காது, ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு முன்னால் அது படிந்துவிடும். நாலாவது தந்தியில் மட்டும் ஒன்று உபரியாக வாங்கி வைத்துக்கொள்ளச் சொன்னேன், முதலில் அறுவது அதுதான்.